பருந்து எண்ணப் போய்ப் புல் அளந்த கதை

எங்கள் வகுப்பில் பதினொரு பேர். ஆறு பேருக்குப் புலி கிடைத்தது. ஒருத்திக்குப் பனிச்சிறுத்தை. ஒருவனுக்கு முதலை. எனக்குக் கிடைத்தது அருப்புக்கோட்டை.

வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு மேலாண்மை முதுகலை படிக்கிறேன். கடைசி வருடம் எல்லோரும் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். தலைப்புப் பிரித்துக் கொடுத்த அன்று பேராசிரியை என்னைப் பார்த்து, "உனக்குத் தமிழ் தெரியுமே, நீ போ" என்றார். மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பூனைப்பருந்துகள் பகலெல்லாம் வயல்களில் இரை தேடிவிட்டு, சாயங்காலம் ஒரே புல்வெளியில் வந்து கூட்டமாகப் படுக்கும். அருப்புக்கோட்டையை அடுத்த திருச்சுழிப் பக்கம் அப்படி ஓர் இடம் "இருக்கலாம்" என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கண்டுபிடிக்க வேண்டும், ஆறு மாலைகள் விடாமல் எண்ண வேண்டும், படுக்கும் இடத்துப் புல்லை அளக்க வேண்டும். முடித்து வந்தால் இந்த வருடமே பட்டம். இல்லையென்றால் ஜூனியர்களோடு இன்னொரு வருடம். "இருக்கலாம்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி ரயில் ஏறினேன். வழியெல்லாம் புலி கிடைத்தவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

நான் வால்பாறைக்காரி. எங்கள் ஊரில் காடு என்றால் மரம், மழை, காலைக் கடிக்கும் அட்டை. ரேஷன் கடைக் கதவை யானை பெயர்த்துவிட்டுப் போகும். இந்தப் படிப்பில் சேர்ந்தபோது சித்தப்பா, "யானை நம்ம வாசலுக்கே வருது, அதைப் பாக்கறதுக்கு டிகிரி எதுக்கு? புலிக்கு மேனேஜரா போகப்போறியா?" என்றார். அப்பா மட்டும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த அப்பாவிடம் போய் இன்னொரு வருடம் என்று எப்படிச் சொல்வது?

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறும்போதே ஆரம்பித்தது வினை. தொலைநோக்கி வைக்கும் முக்காலி என் கையில் இருந்தது. மூன்று காலையும் மடக்கி மடியில் வைத்திருந்தேன். ஒரு திருப்பத்தில் அது சரிந்து முன்சீட்டுக்காரர் தலையில் 'டங்' என்று விழுந்தது. மனுசர் தலையைத் தடவிக்கொண்டே முக்காலியைத்தான் பார்த்தார்.

"எந்தப் பக்கம் அளக்குறாகம்மா?"

"திருச்சுழிப் பக்கம்தாங்க" என்றேன், மன்னிப்புக் கேட்கிற பதற்றத்தில். பஸ்ஸே கப்சிப் ஆகிவிட்டது. கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். புது ஆளைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து நான் எல்லோருக்கும் ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தேன். மக்கு என்றால் என்னைப்போல மக்கு கிடையாது.

தங்கியது செல்வராணி அக்கா வீட்டில். அக்கா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அம்மா காலம்வரை அடுத்தவர் புஞ்சையில் களை எடுத்த குடும்பம். இப்போது வீட்டுக்காரர் திருப்பூரில், மகள் ஹாஸ்டலில், அக்கா ஸ்டியரிங்கில். முதல் நாள் மதியம் எனக்குக் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். நான் உருகி உருகிச் சாப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் தட்டில் வெள்ளைவெளேரென்று அரிசிச் சோறு.

"அக்கா, நீங்க இதைச் சாப்பிட மாட்டீங்களா?"

"வெளியூர்ல இருந்து வாரவுகதான் இதைக் கேக்குறீக. எனக்கு இது தொண்டையில இறங்காது பிள்ள. சின்னதுல தின்னது காணாதாக்கும்?"

சாயங்காலம் அக்காவின் ஆட்டோவிலேயே சுற்றினோம். கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டை. மேடும் பள்ளமும் இல்லாமல் ஒரு நிலம் இவ்வளவு தூரம் போக முடியும் என்று எனக்குத் தெரியாது. மல்லிச் செடியும் பருத்தியும் நிற்கிற கரிசல், அதைத் தாண்டினால் சீமைக்கருவேலம், அதையும் தாண்டினால் வேலி போட்ட சோலார் தகடுகள். பருந்து ஒன்றுகூட இல்லை. "இதுதான் உன் காடா?" என்று அக்கா கேட்டார். எனக்கு அழுகை வராத குறை.

இரண்டாம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு, ஓடைக்கு அந்தப் பக்கம், வண்டிப்பாதை முடிகிற இடத்தில் ஒரு தரிசு தெரிந்தது. இடுப்பளவு காய்ந்த புல், பதினாலு ஏக்கர் இருக்கும். சுற்றிலும் உழவோ முள்ளோ தகடோதான். புல் இருந்தது அங்கே மட்டும். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி முக்காலியை விரித்தேன்.

முதலில் ஒன்று வந்தது. தரையை ஒட்டி, சிறகை லேசாக மேலே தூக்கிப் பிடித்தபடி, சத்தமே இல்லாமல். சாம்பல் வெள்ளை ஆண். புல்லின் மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேற்கே போயிற்று. பிறகு பழுப்பு நிறத்தில் இரண்டு பெண். பிறகு வடக்கிலிருந்து ஐந்து. தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துப் பார்க்கிறேன், ஐயோ, நாலு பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருக்கின்றன! சோலார் தகடுகளுக்கு மேலே, கருவேலங்காட்டுக்கு மேலே, எங்கள் ஆட்டோவின் கூரையை உரசுகிற உயரத்தில். ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து கடைசி நொடியில் விலகியது. ஆந்தை மாதிரி வட்ட முகம், மஞ்சள் கண்.

அவை மரத்தில் உட்காரவில்லை. புல்லுக்குள் தரையிலேயே இறங்கின. இறங்கியது எழும், மற்றொன்று இறங்கும், எல்லாம் ஒருசேரக் கிளம்பி ஒரு சுற்று வரும், மறுபடி அமரும். வெளிச்சம் போகிறவரை எண்ணினேன். நூற்றுப் பதினேழு. புலிக்காரர்கள் எல்லோரையும் அந்த நிமிடமே மன்னித்தேன். என் பக்கத்தில் செல்வராணி அக்கா வாயில் கை வைத்து நின்றார்.

"ஏ ஆத்தி! இத்தனை வருசமா இந்த வழியா லோடு அடிச்சிருக்கேன் பிள்ள. ஒருநாளும் நின்னு பாத்ததில்ல. எங்க இருந்து வருதுக?"

"கசகஸ்தான் பக்கம் இருந்துக்கா. மலை, பாலைவனம் எல்லாம் தாண்டி."

"அங்க இருந்து இங்க வர அதுகளுக்கு என்ன வேண்டுதலாம்?"

வெட்டுக்கிளியும் எலியும் தின்னத்தான் என்றேன். அது அப்படியொன்றும் தப்பில்லாத வேண்டுதல் என்று அக்கா ஒத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, பறவைகள் போன பிறகு புல்லுக்குள் நுழைந்தேன். அவை படுத்த இடமெல்லாம் தட்டு அளவுக்குப் புல் அமுங்கியிருந்தது. செரிக்காததை உருண்டையாகக் கக்கிவைத்திருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து உறையில் போட்டேன். வெட்டுக்கிளிக் கால்களும் எலி முடியும் அதில் இருந்தன. "கக்குனதைப் பொறுக்கவா உங்கப்பா உன்னைப் படிக்க வச்சாக?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அன்று மாலையும் எண்ணினேன், நூறைத் தாண்டியது.

நிலம் யாருடையது என்று கேட்டேன். "அழகர்சாமி அண்ணாச்சி புஞ்சை. காட்டுப்பன்னி தாங்காம மூணு வருசமா விதைக்கல. அவுக பாலவனத்தத்துல மக வீட்டுக்குப் போயிருக்காக. வந்ததும் சொல்லிக்கிருவோம்" என்றார் அக்கா. வனவிலங்கு மேலாண்மையில் முதல் பாடமே உள்ளூர் மக்களிடம் அனுமதி பெறுவது. அந்தத் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண் வேறு. ஆனாலும் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் பகலில் புல்லை அளக்கப் போனேன். முப்பது மூங்கில் முளைக்குச்சிகள், தூரத்திலிருந்து தெரிய நுனியில் சிவப்புப் பெயின்ட், ஒவ்வொன்றிலும் ஓர் எண். நேர்கோட்டில் கயிறு பிடித்து நட்டேன். செல்போனில் ஒவ்வொரு குச்சியின் இடத்தையும் பதிந்தேன். ரோட்டில் போன இரண்டு பைக்குகள் நின்று பார்த்துவிட்டுப் போயின. மாலை எண்ணிக்கை மூன்று முடிந்தது. ஐந்தாம் நாள் நான்கும் முடிந்தது. இன்னும் இரண்டே மாலைகள். அப்பாவுக்குப் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன். அருப்புக்கோட்டையில் எண்ணெய்ப் பரோட்டா வாங்கி நானும் அக்காவும் கொண்டாடினோம். எங்கள் ஊர்ப் பரோட்டா அதன் முன்னால் நிற்காது என்று சத்தியம் செய்வேன்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்குப் போனால் புஞ்சைக்குள் டிராக்டர்.

ஒன்பது கொழுக் கலப்பையைப் பூட்டி, என் சிவப்புக் குச்சிகளை வரிசையாக முறித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கிழக்குப் பாதி முழுக்கக் கறுத்துக் கிடந்தது. நான் கத்திக்கொண்டே ஓடிப்போய் டிராக்டருக்கு எதிரில் நின்றேன். டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டு என்னென்னவோ திட்டினார். வரப்பில் நின்றிருந்த ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி நடந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கோபத்தில் மீசை ஆடியது. அவர்தான் அழகர்சாமி.

"ஏம்மா, நீ எந்தக் கம்பெனிக்காரி? சோலாரா, நாலு வழி ரோடா?"

"கம்பெனி இல்லைங்க, நான் படிக்கிறேன். பருந்து எண்ண வந்தேன்."

"பருந்து எண்ணுறவளுக்கு முளைக்குச்சி எதுக்கு?"

"அது... புல்லை அளக்கறதுக்கு."

"கேட்டுக்கடா" என்றார் டிரைவரிடம். "புல்லை அளக்குறாகளாம்! இன்னைக்குப் புல்லை அளப்பாக, நாளைக்கு நிலத்தை அளப்பாக. நாங்க வாயில விரலை வச்சுக்கிட்டு நிக்கணுமோ? பஸ்ஸுல முக்காலியோட ஒரு பொண்ணு வந்திருக்கு, திருச்சுழிப் பக்கம் அளக்குறாகன்னு பாலவனத்தம் வரைக்கும் பேச்சு. சிவப்புக் குச்சி உங்க புஞ்சையிலதான் நட்டிருக்குன்னு நேத்து ராத்திரி போன் வருது. எனக்கு எப்படி இருக்கும்?"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இந்தப் பக்கம் முக்காலியோடு வந்து நேர்கோட்டில் எண் போட்ட சிவப்புக் குச்சி நட்டால் ஒரே அர்த்தம்தான். நிலத்தை எடுக்கப்போகிறார்கள். அதிலும் விதைக்காமல் கிடக்கிற நிலம் என்றால் தரிசு என்று எழுதி முதலில் எடுப்பார்கள் என்று பயம். அதற்கு ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரே பதில் உழவு. உழுத நிலத்தை யாரும் தரிசு என்று எழுத முடியாது. விதை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று, விடிந்ததும் அழகர்சாமி டிராக்டரைக் கூப்பிட்டிருக்கிறார். பருந்துகளைக் காப்பாற்றப் படிக்க வந்த நானே அவற்றின் படுக்கையை உழவைத்துவிட்டேன். அந்த வரப்பிலேயே உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு அழுதேன்.

அழுகிற பெண்ணை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "ஏய், எந்திரி தாயி. அடிச்சேனா, வஞ்சேனா?" என்றார். செல்வராணி அக்கா ஆட்டோவை விட்டு இறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, குச்சி நட்டது தப்புத்தான். நாந்தான் அப்புறம் சொல்லிக்கிருவோம்னு சொன்னேன், வையுறதுன்னா என்னைய வைங்க. ஆனா இந்தப் பிள்ள பொய் சொல்லல. சாயங்காலம் ஒருவாட்டி இங்க நின்னு பாருங்க."

"சாயங்காலம் வரைக்கும் டிராக்டர் நிக்குமாக்கும்?" என்றார் அவர். நிற்கத்தான் இல்லை. டிரைவருக்கு மல்லாங்கிணறு பக்கம் வேறு உழவு இருந்தது. மேற்குப் பாதியை மறுநாள் காலையில் ஓட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்தப் பாதி மிஞ்சியது அதனால்தான்.

மிச்சமிருந்த குச்சிகளை நானே பிடுங்கினேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கி அண்ணாச்சியின் காலடியில் போட்டேன். அவர் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை, நான் படிப்பது என்ன என்று அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "பன்னியை மேனேஜ்மென்ட் பண்ணப் படிச்சிருந்தாச் சோறே போட்டிருப்பேன்" என்றார். நான் அடுத்த குச்சியைப் பிடுங்கினேன்.

சாயங்காலம் அவரும் எங்களோடு வந்து நின்றார். ஐந்தரை மணிக்கு முதல் பருந்து வந்தது. கிழக்குப் பாதியின் மேலே தாழப் பறந்து, இறங்கப் போய், மண்ணைக் கண்டு மேலேறியது. அடுத்தது வந்தது, அதுவும் இறங்கவில்லை. இருபது, ஐம்பது என்று சேர்ந்து எல்லாம் எங்கள் தலைக்கு மேலேயே சுற்றத் தொடங்கின. முந்தைய மாலைகளில் ஒரு சுற்றில் அமர்ந்தவை அன்று விடாமல் சுற்றின. சூரியன் தரையைத் தொட்டது. சிவந்த வெளிச்சத்தில் நூறு பறவைகள் ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்குப் பயமாகக்கூட இருந்தது. பிறகு ஒரு சாம்பல் ஆண் மேற்குப் பாதியில் சடாரென்று இறங்கியது. அதைத் தொடர்ந்து ஒவ்வொன்றாக, நெருக்கியடித்துக்கொண்டு, மிச்சப் புல்லுக்குள் எல்லாமே இறங்கின.

அழகர்சாமி அண்ணாச்சி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"இது எங்க புஞ்சையிலயா தாயி?" என்றார், குரலைத் தாழ்த்தி. "பன்னிக்குப் பயந்து இந்தப் பக்கமே வாரதில்ல. பருந்து திரியும், தெரியும். இப்பிடின்னு தெரியாது."

திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"இதை எழுதுவியா?"

"ஆமாண்ணாச்சி. எழுதினாத்தான் பட்டம்."

"எழுதுனா ஊரு பேரு வரும், சர்வே நம்பர் வரும். அப்புறம் பாரஸ்ட்டுக்காரன் வருவான், போர்டு வைப்பான். எங்க நிலத்துல நாங்க இறங்க ஒருத்தன்கிட்டக் கேக்கணும். சொல்லு, நடக்குமா நடக்காதா?"

நடக்காது என்று சொன்னால் அது பொய். நாங்கள் எழுதிய ஒவ்வொரு கட்டுரையும், இந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்க வேண்டும் என்றுதான் முடிந்திருக்கிறது. யாருடைய இடம் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"நடக்கலாம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "டிராக்டரை வேண்டாம்னு சொல்லிர்றேன். மிச்சம் கெடக்கட்டும். ஆனா எங்க ஊரு, எங்க புஞ்சை, எதுவும் உன் பொஸ்தகத்துல வரக் கூடாது. சம்மதமா?"

"எழுதித் தரட்டுமா அண்ணாச்சி?"

"எழுதுறதுதான் தாயி பயம். வாயால சொல்லு, போதும்."

சொன்னேன். செல்போனில் பதிந்துவைத்த முப்பது இடங்களையும் அங்கேயே அழித்தேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, பருந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஐந்தாவது மாலை. மறுநாள் ஆறாவதையும் முடித்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினேன். இந்தக் கட்டுரையிலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஓடை இருக்கிற திசையையும் சொல்லவில்லை.

மாசியில் ஆய்வுக் குழு கூடியது. படம் போட்டேன், எண்ணிக்கை காட்டினேன், கக்கிய உருண்டைகளைக் கடை பரப்பினேன். பேராசிரியை கேட்டார், "இடம் எங்கே? வரைபடத்தில் ஒரு புள்ளியும் இல்லையே?"

"சொல்ல மாட்டேன் என்று நில உரிமையாளருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"இன்னொருவர் போய்ச் சரிபார்க்க முடியாத ஆய்வை நாங்கள் எப்படி ஏற்பது?" அவர் கேட்டது நியாயம்தான். அதுதான் இன்னும் வலித்தது. ஆய்வேட்டை ஏற்கவில்லை. அடுத்த குளிர்காலம் முழுக்கத் தங்கி எண்ண வேண்டும், உரிமையாளர் சம்மதித்தால் பேராசிரியை மட்டும் ஒருமுறை நேரில் வந்து பார்ப்பார் என்று முடிவாயிற்று. எனக்கு ஒரு வருடம் வீணாயிற்று. போனில் சொன்னபோது அப்பா, "வாக்கைக் காப்பாத்திட்டேல்ல, விடு" என்றார். இரண்டாவது முறையாக அழுதது அன்றுதான்.

பங்குனியில் ஒருநாள் இருட்டுகிற நேரம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"தாயி, நாந்தான், அழகர்சாமி. செல்வராணிகிட்ட நம்பர் வாங்குனேன்." குரல் பதறியது. "முந்தாநேத்து முப்பது வந்துச்சு. நேத்து நாலு. இன்னைக்கு இம்புட்டு நேரம் நிக்கேன், ஒண்ணுகூட வரல. அன்னைக்கு உழுதேனே, அந்தக் கோவமா?"

தினமும் போய் நின்று எண்ணியிருக்கிறார்!

"கோவமெல்லாம் இல்லண்ணாச்சி. அதுங்க ஊருக்குப் போயிடுச்சு. அங்கதான் குஞ்சு பொரிக்கும்."

"சொல்லாமக் கொள்ளாமப் போயிருச்சுகளே. எப்பத் திரும்பும்?"

"ஐப்பசி கடைசியில."

"அப்ப ஆடியில உழுகக் கூடாதுங்குற."

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி."

"நீ எங்க சொல்லுவ? சரி, இந்த வருசமும் கெடந்துட்டுப் போகட்டும். நீ மட்டும் அதுகளுக்கு முந்தி வந்து சேரு தாயி. நான் எண்ணுனா ஒருநாளாச்சும் கணக்கு ஒத்து வருதாங்குற?"